மழை மிகுந்த நாட்டில் தண்ணீர்த் தட்டுப்பாடா?

நம் நாடு மழைவளம் மிக்க நாடு. மலேசியத் தீபகற்பத்தில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சரவாக்கில் அதனினும் மிகுதி. உலகின் பல நாடுகளில் உழவர்கள் இதில் மூன்றில் ஒரு பங்கு மழைக்கே வானத்தை நோக்கிக் காத்திருக்கின்றனர். இத்தகைய நாட்டில் தண்ணீருக்குத் தட்டுப்பாடு வரும் என்று எவரேனும் கூறினால், அதனை நம்ப நம்மில் பலர் தயங்குவர்.

ஆயினும் 2014ஆம் ஆண்டில் நிகழ்ந்தவற்றைச் சற்று எண்ணிப் பார்ப்போம். அவ்வாண்டு பிப்ரவரி இறுதி முதல் ஏப்ரல் வரை சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் பல பகுதிகளுக்குக் குழாய்நீர் பங்கீட்டு முறையில் வழங்கப்பட்டது. சிலாங்கூர் ஆற்று அணையின் நீர் இருப்பு 40 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியிருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் கிளந்தானிலும் அதனையொட்டிய மாநிலங்களிலும் பெருவெள்ளம் ஏற்பட்டது. நாடு முழுவதும் 200,000க்கும் மேற்பட்ட மக்கள் வீடு வாசல்களை விட்டு வெளியேற நேர்ந்தது. ஆண்டின் தொடக்கத்தில் வாளியோடு தண்ணீர் வண்டிக்குக் காத்திருந்த நாடு, ஆண்டின் முடிவில் படகில் ஏறித் தப்பிய நாடாயிற்று.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. ஓராண்டில் மொத்தம் எவ்வளவு மழை பெய்தது என்பதை மட்டும் கொண்டு நம் தண்ணீர் நிலையை அறிய இயலாது. அம்மழை எப்பொழுது பெய்கிறது, எங்குப் பெய்கிறது, எத்தனை நாள்களில் பெய்கிறது என்பவையே முதன்மையானவை. உலகம் வெப்பமடைந்து வரும் இக்காலத்தில் மாறிக்கொண்டிருப்பவையும் இவையே.

வருங்காலத்தை எண்ணிப் பார்க்கும் முறை

அறிவியலாளர்கள் சோதிடம் சொல்வதில்லை. இன்ன ஆண்டில் இன்ன நாளில் வறட்சி வரும் என்று அவர்கள் கூறுவதும் இல்லை. மாறாக, வருங்காலம் எவ்வெவ்வகையில் அமையக்கூடும் எனச் சில நிலைகளைக் கணக்கிட்டு, "இவ்வாறு நேர்ந்தால் நம்மிடம் தண்ணீர் போதுமா?" என்று ஒவ்வொன்றையும் ஆராய்கின்றனர். நம் நாட்டின் தேசிய நீர் ஆராய்ச்சிக் கழகம் 2006ஆம் ஆண்டில் இத்தகைய ஆய்வொன்றை வெளியிட்டது. 1984 முதல் 1993 வரையிலான ஆண்டுகளின் மழையையும் ஆற்றுநீரையும், 2025 முதல் 2034 வரையிலும் 2041 முதல் 2050 வரையிலும் எதிர்பார்க்கத்தக்க நிலையோடு அது ஒப்பிட்டது. வடகிழக்குக் கரையில் மழை மிகலாம் என்றும், சிலாங்கூர், ஜோகூர் ஆகிய மாநிலங்களில் சில காலங்களில் மழை குறையலாம் என்றும், ஆறுகளில் வெள்ளம் உயர்வதும் வறண்ட காலத்தில் நீர் தாழ்வதும் முன்னைவிடக் கடுமையாகலாம் என்றும் அவ்வாய்வு காட்டியது. வானிலை ஆய்வு இலாகாவும் 2099ஆம் ஆண்டு வரையிலான பருவநிலைப் போக்குகளை விளக்கும் அறிக்கையொன்றை 2009இல் வெளியிட்டது.

வெப்பம் மிகுந்தால் மழை ஏன் முறை தவற வேண்டும்? காற்றின் வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் உயர்ந்தால், அக்காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலான நீராவியைத் தாங்கும். இதனைப் பெரிய வாளிக்கு ஒப்பிடலாம். பெரிய வாளி நிறைய நேரம் பிடிக்கும். கவிழ்த்தாலோ கொட்டுவது மிகுதியாக இருக்கும். அதுபோலவே வெப்பமான காற்று நிலத்திலிருந்தும் குளத்திலிருந்தும் ஈரத்தை மிகுதியாக உறிஞ்சுகிறது. பிறகு மழையாகும்பொழுது ஒரேயடியாகக் கொட்டுகிறது. தொழிற்புரட்சிக்குப் பின் 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டுகளுக்குள் உலகின் சராசரி வெப்பம் ஏறத்தாழ 1.1 பாகை உயர்ந்துவிட்டது. வெப்பம் இன்னும் உயர்ந்துகொண்டே உள்ளது.

இனி, நம்மை எதிர்நோக்கும் மூன்று நிலைகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதல் நிலை: வறட்சி நீடித்தல்

பசிபிக் பெருங்கடலின் நீர் வழக்கத்துக்கு மாறாக வெப்பமடைவதை எல் நீனோ என்பர். அது தோன்றும் ஆண்டுகளில் நம் வட்டாரத்தில் மழை குறைவது வழக்கம். 1997-98இல் தோன்றிய எல் நீனோவின்பொழுது, 1998 ஏப்ரல் 9ஆம் நாள், பெர்லிஸ் மாநிலத்தின் சுப்பிங்கில் 40.1 பாகை வெப்பம் பதிவாயிற்று. அவ்வாண்டு கிள்ளான் பள்ளத்தாக்கில் அணைகளின் நீர் வற்றியதால் ஏறத்தாழ 18 இலட்சம் மக்கள் பல மாதங்கள் தண்ணீர்ப் பங்கீட்டுக்கு உட்பட்டனர். அதற்கு முன்னரே, 1991இல், மலாக்காவின் டுரியான் துங்கல் அணை வறண்டு அம்மாநில மக்கள் துன்புற்றனர். 1978இல் மூடா பாசனப் பகுதியில் போதிய நீரின்மையால் ஒரு போக நெற்பயிர் கைவிடப்பட்டது. 2016இல் ஜோகூரின் லிங்கியு நீர்த்தேக்கத்தில் நீர் இருப்பு ஏறத்தாழ 20 விழுக்காடாகக் குறைந்தது.

இத்தகைய வறட்சிகள் அடிக்கடி வந்தால் தோட்டத்தில் என்ன நேரும்? பால்மரத்தின் பட்டையிலுள்ள நுண்குழாய்களின் உள்ளழுத்தத்தினாலேயே பால் வடிகிறது. மரத்தில் நீர் நிறைந்திருக்கும் விடியற்காலையில் அவ்வழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏறக் குறையும். இதனாலேயே நாம் இருள் பிரியுமுன் நிரைக்குச் செல்கிறோம். மண்ணில் ஈரமில்லையெனில் விடியலிலும் அவ்வழுத்தம் குன்றும். பால் விரைவில் நின்றுவிடும். இலையுதிர் காலத்துக்குப் பின் தளிர்விடும் பருவத்தில் மழை தவறினால் மரம் தேறுவதற்கும் நாளாகும். மங்கில் பால் குறைந்தால் வீட்டில் வருமானமும் குறையும். அதே வேளையில் குடியிருப்புக்கு நீர் தரும் ஓடையும் கிணறும் வற்றத் தொடங்கும்.

இரண்டாம் நிலை: மழை ஒரேயடியாகக் கொட்டுதல்

2021 டிசம்பர் நடுவில் சிலாங்கூரில் இரண்டு நாள்களுக்குள் பெய்த பெருமழையை மக்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். வழக்கமாக வெள்ளம் காணாத மேற்குக் கரைப் பகுதிகளும் நீரில் மூழ்கின. உயிர்கள் பல பறிபோயின. அவ்வாண்டின் வெள்ளங்களால் நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பு 610 கோடி ரிங்கிட் எனப் புள்ளிவிவர இலாகா மதிப்பிட்டது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜோகூரில் ஏற்பட்ட வெள்ளங்களால் கோத்தா திங்கி, சிகாமட் முதலிய ஊர்கள் பெரிதும் பாதிக்கப்பட்டன.

வெள்ளக் காலத்திலும் குடிநீர்த் தட்டுப்பாடு ஏற்படும் என்பதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும். ஆற்றில் சேறும் குப்பையும் பெருகினால் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்க இயலாது. மின்சாரம் தடைப்பட்டால் நீரேற்றும் இயந்திரங்களும் நின்றுவிடும். கிணறுகளில் அழுக்குநீர் கலக்கும். எங்கும் தண்ணீர் நிற்க, குடிப்பதற்கு ஒரு குவளை நீரின்றித் தவிக்கும் நிலை உண்டாகும். வெள்ளம் வடிந்த பின்னர் எலிக்காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் பரவக்கூடும்.

தோட்டத்தில் இதன் விளைவை நாம் நன்கறிவோம். பட்டை நனைந்திருந்தால் மரம் வெட்ட இயலாது; வெட்டிய பின் மழை வந்தால் பால் மங்கில் சேராது வழிந்தோடும். காலை மழை மிகுந்த மாதங்களில் வேலை நாள்கள் குறையும். நீடித்த ஈரம், இலைகளைத் தாக்கும் பூசண நோய்களுக்கும் இடமளிக்கும்.

மூன்றாம் நிலை: இரண்டும் மாறி மாறி வருதல்

2014ஆம் ஆண்டு நமக்குக் காட்டியது இந்நிலையையே. ஒன்றின் மிகுதி மற்றதன் குறையை ஈடு செய்யும் என்று எண்ணுதல் தவறு. வெள்ளநீர் சில நாள்களுக்குள் கடலைச் சேர்ந்துவிடும். அதனைத் தேக்கி வைக்க இடமில்லையெனில், மூன்று மாதம் கழித்து வரும் வறட்சிக்கு அது உதவாது. மேலும், மழை கிழக்கே மிகுந்து மேற்கே குறையுமாயின், மக்கள் நெருங்கி வாழும் இடத்தில் நீர் இராது.

இதனைக் கருதியே பகாங்கின் செமந்தான் ஆற்றிலிருந்து தித்திவங்சா மலைத்தொடரின் ஊடே சிலாங்கூருக்கு நீர் கொணர 44.6 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கம் அமைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 189 கோடி லிட்டர் நீரைக் கொண்டுசெல்லும் ஆற்றல் அதற்கு உண்டு. வடக்கே கெடாவின் உலு மூடா காட்டில் பெய்யும் மழையே மூடா நெல்வயல்களுக்குப் பாய்கிறது. பினாங்கு மாநிலமும் தனக்கு வேண்டிய நீரின் பெரும்பகுதியை மூடா ஆற்றிலிருந்தே பெறுகிறது. தெற்கே லிங்கியு நீர்த்தேக்கம் மழை குறைந்த காலத்தில் ஜோகூர் ஆற்றில் நீரைத் திறந்துவிட்டு, கடலின் உவர்நீர் மேலேறாதவாறு தடுக்கிறது. அவ்வாற்று நீரை ஜோகூர் மட்டுமின்றிச் சிங்கப்பூரும் பெறுகிறது. வெப்பத்தால் கடல்மட்டம் உயருமானால் உவர்நீரைத் தடுக்க இன்னும் மிகுதியான நன்னீர் வேண்டியிருக்கும். ஒரு மாநிலத்தின் காடும் மழையும் மற்றொரு மாநிலத்தின் அடுப்படிக்கு நீர் தருகின்றன. ஆதலால் ஓரிடத்தில் நேரும் குறை அவ்விடத்தோடு நின்றுவிடுவதில்லை.

தேவையும் வளர்ந்துகொண்டே செல்கிறது. நம் நாட்டில் ஒருவர் நாளொன்றுக்கு 200 லிட்டருக்கு மேல் நீர் பயன்படுத்துகிறார். சுத்திகரிக்கப்பட்ட நீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கட்டணக் கணக்கில் சேராமலே போகிறது. அதில் பெரும்பகுதி பழைய குழாய்களின் கசிவாகும். ஆகவே அணையும் சுரங்கமும் கட்டுவதோடு பழைய குழாய்களை மாற்றுவதும் இன்றியமையாதது.

எந்நிலை வரினும் பயன் தருபவை

இம்மூன்றில் எது வரும் என்று காத்திராமல், எது வந்தாலும் பயன்படும் செயல்களை இப்பொழுதே மேற்கொள்வதே அறிவுடைமை. அவற்றுள் சில நம் தோட்டங்களிலேயே நெடுங்காலமாக உள்ளவை. நிரைகளுக்கிடையே படரும் மூடுபயிர் மழையின் வேகத்தைத் தாங்கி, மண் அரிக்கப்படாமல் காத்து, ஈரத்தை நிலத்தில் நிறுத்துகிறது. மேட்டு நிலத்தில் வெட்டப்படும் மண்குழிகள் ஓடும் நீரைப் பிடித்து நிலத்துள் இறக்குகின்றன. இவை வெள்ளத்தையும் குறைக்கும், வறட்சிக்கும் உதவும். ஓடைக்கரையில் வளரும் மரஞ்செடிகளை வெட்டாமலும், அங்குக் களைக்கொல்லி தெளிக்காமலும், மருந்து தெளிக்கும் கருவிகளை ஓடையில் கழுவாமலும் இருந்தால் நீர் தூய்மையாக இருக்கும்.

வீட்டுக் கூரையும் ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியே. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். 6 மீட்டர் அகலமும் 8 மீட்டர் நீளமும் கொண்ட கூரையில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் 960 லிட்டர். சிதறுவதும் வழிவதும் போகக் கால்பங்கைக் கழித்தாலும் ஏறத்தாழ 700 லிட்டர் மிஞ்சும். ஐவர் கொண்ட குடும்பத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 20 லிட்டர் என்று செலவிட்டால் அது ஒரு வாரத்துக்குப் போதும். துணி துவைக்கவும் கழிப்பறைக்கும் தோட்டத்துச் செடிகளுக்கும் இந்நீர் ஏற்றது. முதலில் விழும் மழை கூரையின் தூசைக் கழுவி வருமாதலால் அதனை வெளியே விட்டுவிட வேண்டும். தொட்டியை இறுக மூடி வைத்தல் வேண்டும்; திறந்து கிடக்கும் நீர் ஏடிஸ் கொசுவுக்குப் பிறப்பிடமாகும். 1998ஆம் ஆண்டு வறட்சிக்குப் பின், மழைநீர் சேகரிப்புக்கான வழிகாட்டியொன்றை வீடமைப்பு ஊராட்சி அமைச்சு 1999இல் வெளியிட்டது குறிப்பிடத்தக்கது.

வினாடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகும் குழாய் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 லிட்டர் நீரை வீணாக்குகிறது. மேலே கூறிய கணக்கின்படி அது ஒருவரின் ஒரு நாள் பங்கு. ஆதலின் குடியிருப்பில் கசியும் குழாயைக் கண்டால் அன்றே நிர்வாகத்துக்குத் தெரிவிப்பது நன்று.

தொழிலாளர்களுக்குள்ள உரிமையையும் இங்குக் கூற வேண்டும். 1990ஆம் ஆண்டின் 446ஆம் எண் சட்டம், தோட்டக் குடியிருப்பில் வாழும் தொழிலாளர்களுக்குப் போதிய குழாய்நீரை இலவசமாக வழங்கும் பொறுப்பை முதலாளிக்கு விதித்துள்ளது. மழை குறைந்த மாதங்களில் நீர் எங்கிருந்து வரும், வெள்ளம் வந்தால் குடிநீர் எங்கே வைக்கப்படும் என்று நிர்வாகத்திடமும் தொழிற்சங்கத்திடமும் முன்கூட்டியே கேட்டறிவது தவறன்று. குறை நீங்காவிடில் தொழிலாளர் இலாகாவை நாடலாம். தண்ணீர் நின்ற பிறகு கேட்பதைவிட, ஓடை நிறைந்திருக்கும்பொழுது கேட்பதே பயன் தரும்.

அடுத்த முப்பது ஆண்டுகளில் நம் நாட்டில் மழை பெய்யத்தான் போகிறது. ஆனால் அது நம் தந்தையர் அறிந்த மாதங்களில், அவர்கள் அறிந்த அளவில் பெய்யும் என்பதற்கு உறுதியில்லை. மழை வரும் நாளை நம்மால் மாற்ற இயலாது. அது வரும்பொழுது ஏற்க நிலத்தையும் தொட்டியையும், வராதபொழுது தாங்க நம் பழக்கங்களையும் ஆயத்தப்படுத்த நம்மால் இயலும். அடுத்த மழைக்காலம் தொடங்குமுன் நம் குடியிருப்பின் கூரையையும் குழாயையும் ஓடைக்கரையையும் ஒருமுறை சென்று பார்ப்போமாக.