அம்மைப்பாலுக்கு ஒரு புராணம்

திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்து உரை எழுதிய எல்லிஸ் துரையை நமக்குத் தெரியும். சென்னைக் கலெக்டராக இருந்த அதே பிரான்சிஸ் வைட் எல்லிஸ், பெரியம்மைத் தடுப்புக்காக ஒரு புராணமும் கட்டினார் என்பது பலருக்குத் தெரியாது.

மாட்டம்மைக் கொப்புளத்தின் நீரை ஏற்றிப் பெரியம்மையைத் தடுக்கும் எட்வர்ட் ஜென்னரின் முறை 1802இல் பம்பாய் வழியாக இந்தியா வந்தது. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலம். ஒரு குழந்தையின் கையில் எழும்பிய கொப்புளத்தின் நீரை எடுத்து, அடுத்த குழந்தையின் கையைக் கீறி ஏற்றுவார்கள். கைக்குக் கை மாறித்தான் மருந்து ஊர் ஊராகப் போனது. அது யார் வீட்டுப் பிள்ளையின் நீர், என்ன சாதி என்ற கேள்வி எழாமல் இருக்குமா? போதாக்குறைக்கு, வைசூரி நம் ஊரில் அம்மன் வருகை. வேப்பிலை கட்டி வணங்க வேண்டியவளைக் கத்தியால் கீறித் தடுப்பதா?

எல்லிஸ் இதற்கு மருத்துவ விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. சக்தியும் தன்வந்திரியும் உரையாடுவதாகக் கதை எழுதினார். பசு தரும் பஞ்சகவ்வியத்தோடு ஆறாவதாக, அந்தக் கொப்புள நீரான அம்மைப்பாலையும் தேவியே அருளுகிறாள். நோயைத் தருபவள் கையிலேயே மருந்தையும் கொடுத்துவிட்ட சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும்.

ஆனால் அது புனைவு. அந்த மாதிரிப் புனைவு எங்கே போய் நிற்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. மாட்டு மடிக் கொப்புளத்தின் நீரால் அம்மை குத்தும் முறை தன்வந்திரியின் பழைய நூலிலேயே உண்டு என்று 1819இல் 'மெட்ராஸ் கூரியர்' இதழில் ஒரு கடிதம் வந்தது. பலரும் அதை எடுத்தாண்டார்கள். வரலாறாகவே அது உலவத் தொடங்கிவிட்டது. மருத்துவ வரலாற்றாளர் டொமினிக் வுயாஸ்டிக் 1987இல் அதன் வேரைத் தேடிப்போய், நல்லெண்ணத்தில் செய்த புரட்டு என்று காட்டினார். இன்றும் அந்தக் கூற்று ஓய்ந்தபாடில்லை.

இத்தனைக்கும் ஜென்னரிடம் உண்மைக் கதையே கைவசம் இருந்தது. 1796 மே மாதம், பால் கறக்கும் சாரா நெல்ம்ஸின் கையிலிருந்த மாட்டம்மைக் கொப்புள நீரை எட்டு வயது ஜேம்ஸ் பிப்ஸுக்கு ஏற்றினார். ஜூலையில் பெரியம்மைச் சீழையே ஏற்றிப் பார்த்தார். (இன்றைக்கு எந்த மருத்துவ நெறிக் குழுவும் இதை அனுமதிக்காது.) பையனுக்கு நோய் வரவில்லை. இந்தக் கதைக்குள் சோதனையும் இருக்கிறது, அதன் முடிவும் இருக்கிறது. தேவி அருளிய கதையிலோ நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

தடுப்பூசிக்கு அஞ்சுகிறவர்களிடம் பேசப்போகும் மருத்துவர்களும் செவிலியர்களும், என்னைப் போல எழுதுகிறவர்களும் தாராளமாகக் கதை சொல்லட்டும். "அது உமக்கு எப்படித் தெரியும்?" என்று எதிரில் இருப்பவர் கேட்டால், அந்தக் கதையிலேயே பதில் இருக்க வேண்டும்.