ஆட்டக்காரரின் முகம் யாருக்குச் சொந்தம்?

ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தால் தறி நிற்கும், கூலியும் நிற்கும். விளையாட்டு வீரர் தம் நிர்வாகத்தோடு பூசலிட்டாலோ, கூலியோடு இன்னொன்றும் ஆட்டங் காண்கிறது. அதுதான் விளம்பர உலகில் அவருக்குள்ள விலை. இதனை விளக்க, 2002-ஆம் ஆண்டில் இந்தியக் கிரிக்கெட் வீரர்கள் எழுப்பிய பூசல் தக்க சான்றாகும்.

அந்நாளில் நம் வீரர்க்கு வாரியத்தின் ஆண்டு ஒப்பந்தம் என்பதே கிடையாது. அது 2004-இல்தான் வந்தது. ஆடினால் ஊதியம் உண்டு. அணியிலிருந்து விலக்கப்பட்டால் இல்லை. எனவே முன்னணி வீரர்க்கு விளம்பர வருவாயே பெரும் ஊன்றுகோலாக இருந்தது. டெண்டுல்கரின் மட்டையில் சென்னை எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் பெயர் இருந்தது, டி.வி.எஸ். விக்டர் வண்டிக்கும் அவரே விளம்பரத் தூதர். வேறு சில வீரர்கள் சாம்சங் பொருள்களுக்கு முகம் தந்தனர்.

இஃது ஒருபுறம் இருக்க, பன்னாட்டுக் கிரிக்கெட் கழகம் 2003, 2007 உலகக் கோப்பைகள் உள்ளிட்ட தன் போட்டிகளின் வணிக உரிமையை 55 கோடி டாலருக்கு ஒரு நிறுவனத்துக்கு விற்றிருந்தது. அதன்வழி பெப்சி, எல்.ஜி., ஹீரோ ஹோண்டா முதலியன புரவலர்களாயின. அவர்களுக்கு ஓர் அச்சம் இருந்தது. 1996 உலகக் கோப்பையில் அதிகாரபூர்வப் புரவலர் கோகோ கோலா. ஆனால் அந்த அதிகாரபூர்வத்தையே கேலி செய்து, நட்சத்திர வீரர்களைக் காட்டி, மக்கள் மனத்தைக் கவர்ந்தது பெப்சி! அன்று கேலி செய்தவரே பின்னாளில் புரவலராகிப் பாதுகாப்புப் பெற்றது வணிகத்தின் வேடிக்கை.

அதனால் பிறந்ததே அந்த ஒப்பந்த விதி. புரவலரின் போட்டி நிறுவனங்களுக்கு எந்த வீரரும் விளம்பரம் செய்யலாகாது. போட்டி நடக்கும் நாள்களிலும், அதற்கு முன் 30 நாளும், பின் 30 நாளும் இத்தடை உண்டு. கணக்கிட்டுப் பார்ப்போம். கொழும்பில் சாம்பியன்ஸ் கோப்பை 2002 செப்டம்பர் 12 முதல் 30 வரை. ஆகவே தடை 79 நாள். உலகக் கோப்பை 2003 பிப்ரவரி 9 முதல் மார்ச் 23 வரை. தடை 103 நாள். இரண்டும் சேர்ந்தால் 182 நாள், அதாவது அரையாண்டு! அதுவும் நாடே தொலைக்காட்சி முன் அமரும் அரையாண்டு. அந்த நாள்களில் முகத்தைக் காட்ட இயலாத வீரருக்கு ஒரு நிறுவனம் எதற்காக முழுப்பணம் தரவேண்டும்? விதிக்கு இணங்கினால் பழைய ஒப்பந்தம் முறியும்; மறுத்தால் நாட்டுக்காக ஆட இயலாது.

வீரர்கள் கையெழுத்திட மறுத்தனர். வாரியம் மாற்று அணியை அனுப்பவும் ஆயத்தமாயிற்று. கோடிகளில் புரள்பவர்க்கு இன்னும் பணத்தாசையா என்று கேட்டவரும் உண்டு. இக்கேள்வியே வீரரின் சந்தை விலைக்கு ஊறு செய்யும். ஏனெனில் விளம்பரக்காரர் வாங்குவது அவருடைய ஆட்டத்தோடு அவர்பால் மக்கள் கொண்ட அன்பையும்தான். ஆயினும் என் இரக்கம் நட்சத்திரங்கள்பால் செல்லவில்லை. விளம்பரமே கிட்டாத இளம் ஆட்டக்காரரை எண்ணிப் பாருங்கள். இழக்க அவருக்கு விளம்பரம் இல்லை. ஆனால், கையெழுத்திட்டால் மூத்தோரின் மனக்கசப்பு. மறுத்தால் கைக்கெட்டிய வாய்ப்புப் போயிற்று.

ஏன் இருதரப்பும் இறங்கி வந்தன? இந்தியப் பார்வையாளர் இன்றேல் புரவலர் தந்த பணத்துக்குப் பயனில்லை. இந்தியச் சட்டை இன்றேல் நட்சத்திரத்தின் முகத்துக்கும் விலையில்லை. விதி தளர்த்தப்பட்டது, முன்னணி வீரர்களே கொழும்பு சென்றனர். இறுதியாட்டம் இரண்டு நாளும் மழையில் கரைய, கோப்பையை இந்தியாவும் இலங்கையும் பகிர்ந்துகொண்டன.

உலகக் கோப்பைக்கு முன் அதே பூசல் மீண்டும் தலைதூக்கிற்று. திருத்திய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு ஆடச் சென்ற டெண்டுல்கர் 673 ரன் குவித்தார். இந்திய வாரியத்துக்குச் சேரவேண்டிய பணத்தையோ, புரவலர்தரப்பு இழப்பீடு கேட்டதைக் காட்டிக் கழகம் நிறுத்தி வைத்தது.