வருமான வரியும் நம்பத்தக்க கணக்கரும்

திருவொற்றியூர்க் கோயிலைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. ஊர்களின் இறைப்பணம் குறித்து மன்னன் ஒருவன் ஓலை எழுதுவித்தான். எழுதி முடித்த ஓலையைப் பார்த்தபோது, ஒற்றியூருக்கு மட்டும் விலக்கு அளிக்கும் சொற்கள் வரிகளுக்கு நடுவே காணப்பட்டன. எழுதியவனும் எழுதவில்லை, மன்னனும் சொல்லவில்லை. அது இறைவன் எழுத்தே எனத் தெளிந்து, அவரை எழுத்தறியும் பெருமான் என்று வழங்கலாயினர்.

எழுத்தின் வரிசைக்கும் அரசிறைக்கும் வரி என்ற ஒரே சொல் அமைந்திருப்பது இக்கதைக்கு எத்துணைப் பொருத்தம்! ஆனால், மாணவ நண்பர்களே, அன்று ஓலையில் தானாக நுழைந்த வரி அருளாயிற்று. இன்று நம் வருமான வரிக் கணக்கில் நாம் அறியாமல் ஒருவர் ஒரு வரியை நுழைத்துவிட்டால், அதற்கு விடை சொல்ல வேண்டியவர் நாமே. நிரப்பியவர் எவராயினும், கணக்கு யார் பெயரில் செல்கிறதோ அவரே பொறுப்பாளி என்பது சட்டத்தின் நெறி. வருவாயைக் குறைத்துக் காட்டினால் குறைந்த வரியில் பாதியளவு தண்டம். பொய் கூறிக் குறைத்தால் இரு மடங்கு.

மாதச் சம்பளம் ஒன்றே வருவாயாக உள்ளவருக்குக் கணக்கர் வேண்டுவதில்லை. எண்ணூர்த் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரியும் தந்தைக்கு, கல்லூரியில் பயிலும் மகளோ மகனோ ஒரு மாலைப்பொழுதில் படிவத்தை நிரப்பித் தரலாம். சிக்கல் தொடங்குவது கப்பலில் பணிபுரிவோர் இல்லத்தில்தான்.

இராயபுரத்து மாலுமி ஒருவர் இருக்கிறார் எனக் கொள்வோம். ஓர் ஆண்டில் 175 நாள் அயல்நாட்டுக் கப்பல் ஒன்றில், சென்னையில் ஏறி வெளிநாட்டுத் துறைமுகங்களுக்குச் சென்று வந்தார். 40 நாள் ஒடிசாவின் பாரதீப்பிலிருந்து எண்ணூருக்கு நிலக்கரி கொண்டுவரும் கப்பலில் இருந்தார். எஞ்சிய 150 நாள் வீட்டில் இருந்தார். இவர் எத்தனை நாள் இந்தியாவில் இருந்தவர்? வீட்டில் இருந்த நாள்களை மட்டும் எண்ணினால் 150. ஆனால் விதி அவ்வாறு சொல்லவில்லை. 2015-ஆம் ஆண்டில் வகுத்த விதிப்படி, இந்தியத் துறைமுகத்திற்கும் அயல்நாட்டுத் துறைமுகத்திற்கும் இடையே செல்லும் பயணத்தில், ஏறிய நாள் முதல் இறங்கிய நாள் வரை உள்ள காலமே கழிக்கத்தக்கது. பாரதீப்பும் எண்ணூரும் நம் நாட்டுத் துறைமுகங்கள். எனவே அந்த 40 நாளும் இந்தியாவில் இருந்த நாள்களே. ஆகக் கூடியது 190.

இதனால் என்ன? பொதுவிதியின்படி 182 நாளோ அதற்கு மேலோ நாட்டில் இருந்தவர் உள்நாட்டில் வசிப்பவர் ஆகிறார். வெளிநாட்டில் ஈட்டிய ஊதியமும் அப்போது வரிக்கு உட்படலாம். முந்தைய பத்து ஆண்டுகளின் நிலையைப் பொறுத்து இதற்கும் விலக்கு உண்டு. அதற்குக் குறைவான நாள் இருந்தவருக்கோ, அயல்நாட்டுக் கப்பலில் வெளிநாட்டுக் கடலில் உழைத்துப் பெற்ற ஊதியத்திற்கு இங்கே வரி இல்லை. ஆயினும் இராயபுரத்து வீட்டின் வாடகைக்கு எவரும் தப்ப முடியாது. நிலக்கரிக் கப்பலின் 40 நாளை மறந்த கணக்கு, ஓராண்டு உழைப்பின் மீதே பெரும் சுமையை ஏற்றிவிடும்.

இதிலிருந்தே நல்ல கணக்கரை இனம் காணலாம். அவர் முதலில் கேட்பது பணத்தை அன்று, மாலுமிகள் சி.டி.சி. என்று வழங்கும் கடற்பணிப் பதிவேட்டை. பின் கடவுச்சீட்டையும், வங்கிக் கணக்குகளையும், பழைய ஆண்டுகளின் கணக்கையும் கேட்பார். கேள்விகள் நமக்குச் சலிப்பூட்டும். சலிக்கச் சலிக்கக் கேட்பவரையே நான் விரும்புவேன். மற்றொருவர் இருக்கிறார், அவர் எதையும் கேளார். கடவுச்சொல்லை மட்டும் வாங்கிக்கொண்டு, “பிடித்த வரி முழுவதையும் திருப்பி வாங்கித் தருகிறேன், வருவதில் பத்தில் ஒரு பங்கு எனக்குக் கமிஷன்” என்பார். செலுத்தாத காப்பீட்டையும் கொடுக்காத நன்கொடையையும் எழுதி அந்தத் தொகையை வரவழைப்பதும் உண்டு. கமிஷன் அவருக்கு, பின்னர் வரும் அறிவிப்பு நமக்கு.

நாம் ஆடிட்டர் என்று அழைக்கும் பட்டயக் கணக்கருக்கு இத்தகைய ஊதியமே விலக்கப்பட்டது. 1949-ஆம் ஆண்டின் பட்டயக் கணக்கர் சட்டம், விளைவைப் பொறுத்துக் கட்டணம் பெறுவதைத் தொழில் ஒழுக்கக் கேடு என்கிறது. குறிப்பிட்ட சில விலக்குகளே உண்டு. அச்சட்டத்தால் அமைந்த கழகம் ஒவ்வொருவருக்கும் உறுப்பினர் எண் அளிக்கிறது. அந்த எண்ணைக் கேட்பது அவமரியாதை அன்று. “ஐயா, தங்கள் உறுப்பினர் எண் என்ன?” என்று கேட்டால், நேர்மையாளர் தயங்காமல் சொல்வார்.

இத்தொழிலுக்குச் சென்னை தந்த பெருமை ஒன்றையும் கூறவேண்டும். இந்தியாவின் முதல் பெண் கணக்கரான ஆர். சிவபோகம் அம்மையார் இந்நகரத்தவர். விடுதலைப் போரில் சிறை சென்றவர் என்பதால் தொழில் நடத்தத் தடை எழுந்தது. அம்மையார் வழக்காடியே அத்தடையை நீக்கினார். கேட்போரில் வணிகவியல் பயிலும் மாணவியர் இருப்பின், அவர் வரலாற்றைத் தேடிப் படிக்க வேண்டுகிறேன்.

மாலுமியின் இல்லத்திற்கு மீண்டும் வருவோம். இப்போதெல்லாம் பேனாவால் கையொப்பமிடுவதில்லை. கைப்பேசிக்கு வரும் ஆறு இலக்கங்களைத் தந்தாலே கணக்கு உறுதியாகிவிடுகிறது. தந்தை நடுக்கடலில் இருப்பார். கைப்பேசி தாயின் கையில் இருக்கும். எண்ணைச் சொல்லும் முன் நிரப்பிய படிவத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். வசிப்பு நிலை என்ற இடத்தில் என்ன குறித்திருக்கிறது, நாள்கள் எத்தனை என்று பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நிலக்கரிக் கப்பலின் 40 நாள் அதில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.