கண்ணால் கண்ட சாட்சி

திருவெண்ணெய்நல்லூர் அவையில் நடந்த ஒரு வழக்கைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் காட்டுகிறார். மணக்கோலத்தில் இருந்த நம்பியாரூரரைத் தமக்கு வழியடிமை என்று முதியவர் ஒருவர் உரிமை கோருகிறார். அவையோர் அவரிடம் சான்று கேட்கின்றனர். வழிவழி வந்த நடைமுறையாகிய ஆட்சி, எழுத்தாகிய ஆவணம், அருகிருந்தோர் கண்டு கூறும் அயலார் காட்சி ஆகிய மூன்றனுள் ஒன்றைக் காட்டுமாறு சொல்கின்றனர். முதியவர் ஓலையைக் காட்டுகிறார். அதனை அவ்வாறே ஏற்றுக்கொள்ளாமல், ஆரூரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வரவழைத்து, இரண்டின் எழுத்தையும் ஒப்புநோக்கிய பின்னரே அவை தீர்ப்புரைக்கிறது.

ஓலையை ஒப்புநோக்க மற்றோர் ஓலை கிடைத்தது. அயலார் காட்சியை எதனோடு ஒப்புநோக்குவது? கண்டவரின் நினைவு அவருடைய மனத்துக்குள் மட்டுமே இருக்கிறது. அதற்கு மூலப்படி வேறெங்கும் இல்லை. உரிமை வழக்குகளில் பத்திரம் பேசும். கொலையும் கொள்ளையும் பத்திரம் எழுதி நடப்பன அல்ல. எனவேதான் குற்ற வழக்குகளில் நேரில் கண்டவரின் சொல்லுக்கு எக்காலத்தும் தனி மதிப்பு இருந்து வந்துள்ளது. அந்த மதிப்புக்கு அச்சொல் எந்த அளவுக்குத் தகுதியுடையது என்பதைச் சென்ற ஐம்பது ஆண்டுகளில் உளவியலாரும் நீதிபதிகளும் ஆழ்ந்து ஆராய்ந்துள்ளனர்.

பொய்ச்சாட்சி வேறு, பிழைபட்ட சாட்சி வேறு. பொய் சொல்பவர் உண்மையை அறிந்தே மறைக்கிறார். குறுக்கு விசாரணையில் அவருடைய கதை எங்கேனும் ஓரிடத்தில் அவிழ்ந்துவிடக்கூடும். பிழைபட நினைவுகூர்பவரோ தாம் கூறுவதை முழுமையாக நம்புகிறார். அவருக்கு மறைக்க ஒன்றுமில்லை. குரலில் நடுக்கமும் இராது. அவரே நீதிமன்றத்துக்குக் கடினமான சோதனை.

நினைவும் வினாவும்

அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் என்பவருடன் இணைந்து நடத்திய ஆய்வு 1974ஆம் ஆண்டு வெளிவந்தது. மாணவர் 45 பேருக்கு மகிழுந்து விபத்துகளைக் காட்டும் குறும்படங்கள் திரையிடப்பட்டன. பின்னர், வண்டிகள் எவ்வளவு வேகத்தில் சென்றன என்று வினவப்பட்டது. வினாவில் ஒரு வினைச்சொல் மட்டும் குழுவுக்குக் குழு மாறியது. வண்டிகள் ‘நொறுங்க மோதியபோது’ என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 40 மைலுக்கு மேல் என்றனர். ‘தொட்டுக்கொண்டபோது’ என்று கேட்கப்பட்டவர்கள் 31.8 மைல் என்றனர். அனைவரும் பார்த்தவை அதே படங்கள்தாம்.

இவ்வளவில் நின்றிருந்தால், சொல் விடையைச் சற்றே சாய்த்தது என்று கூறி அமையலாம். இரண்டாம் சோதனை இதனினும் கூர்மையானது. மாணவர் 150 பேர் ஒரு விபத்துப் படத்தைப் பார்த்தனர். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா என்று அவர்களிடம் கேட்கப்பட்டது. படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. எனினும், முதல் நாளில் ‘நொறுங்க மோதிய’ என்னும் சொல்லைக் கேட்ட 50 பேருள் 16 பேர் கண்டதாகக் கூறினர். ‘இடித்த’ என்னும் சொல்லைக் கேட்ட 50 பேருள் அவ்வாறு கூறியவர் 7 பேர். வினாவில் இருந்த சொல் நினைவுக்குள் புகுந்து, இல்லாத கண்ணாடியை அங்கே உடைத்து வைத்தது.

நினைவைப் பெட்டியில் பூட்டிய பொருளாகக் கருதுவது வழக்கம். அஃது உண்மையில் ஒவ்வொரு முறை கூறப்படும்போதும் புதிதாகக் கட்டப்படுகிறது. அவ்வாறு கட்டும்போது பின்னர்க் கேட்ட செய்தியும், பிறர் பேச்சும், நாளிதழில் கண்ட படமும் அதில் கலந்துவிடுகின்றன. நிகழ்ச்சியின்போது இருந்த மங்கலான ஒளி, தொலைவு, அச்சம் ஆகியனவும் அதன் தெளிவைக் குறைக்கின்றன. கையில் ஆயுதம் இருந்தால் கண் ஆயுதத்திலேயே நிலைத்து, முகத்தைச் சரியாகப் பாராமல் விடுவதும் உண்டு.

ஒரு முகம், பத்தாண்டுகள்

1984ஆம் ஆண்டு, அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துப் பர்லிங்டன் நகரில் கல்லூரி மாணவி ஒருவர், இரவில் வீடு புகுந்த அயலான் ஒருவனால் கொடுமைக்கு உள்ளானார். அந்தத் துன்பத்திற்கிடையிலும் அவன் முகத்தை மனத்தில் இருத்திக்கொள்ள அவர் முயன்றார். காவல்துறையினர் காட்டிய ஒளிப்படங்களிலிருந்து ரொனால்டு காட்டன் என்னும் இளைஞரைத் தேர்ந்தெடுத்தார். பின்னர் நடந்த அடையாள அணிவகுப்பிலும் அவரையே சுட்டினார். படத்திலும் வரிசையிலும் இடம்பெற்றவர் காட்டன் ஒருவரே என்பதை அப்போது எவரும் பொருட்படுத்தவில்லை. சரியான ஆளையே தேர்ந்தெடுத்ததாகக் காவலர்கள் கூறியது அம்மாணவியின் ஐயத்தை முற்றும் போக்கியது. காட்டனுக்கு வாழ்நாள் சிறைத்தண்டனை கிடைத்தது.

1987இல் வழக்கு மீண்டும் விசாரிக்கப்பட்டபோது, உண்மைக் குற்றவாளியே நீதிமன்றத்தில் அப்பெண்ணின் முன் கொண்டுவந்து நிறுத்தப்பட்டான். அவனைத் தாம் கண்டதே இல்லை என்று அவர் கூறினார். அது பொய்யன்று. மூன்றாண்டுகளாக அவர் மனத்தில் இருந்த முகம் காட்டனுடையதாகவே மாறிவிட்டிருந்தது. 1995இல் மரபணுச் சோதனை காட்டனைக் குற்றமற்றவர் எனக் காட்டியது. உண்மைக் குற்றவாளியையும் அடையாளம் காட்டியது. பத்தாண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்த காட்டனும் அப்பெண்ணும் பின்னாளில் நண்பர்களாகி, சாட்சியம் பெறும் முறையைச் சீர்செய்ய ஒன்றாக உழைத்தனர். 2007இல் அம்மாநிலம் இயற்றிய சட்டம், ஐயத்துக்குரியவர் யார் என்பதை அறியாத அலுவலரே அணிவகுப்பை நடத்த வேண்டும் என்றும், ஆட்களை ஒவ்வொருவராகக் காட்ட வேண்டும் என்றும் விதித்தது.

இந்திய நீதிமன்றங்களில்

இந்தியச் சட்டம் சாட்சிகளின் எண்ணிக்கையைப் பெரிதாகக் கொள்வதில்லை. எந்த உண்மையையும் மெய்ப்பிக்க இத்தனை சாட்சிகள் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் கூறியது. 2024 சூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியமும் அதனையே கூறுகிறது. இதற்கு விளக்கமாக நாடெங்கும் இன்றும் எடுத்துக்காட்டப்படுவது, சென்னை மாநிலத்திலிருந்து சென்ற வடிவேலு தேவர் வழக்கில் 1957இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. தேநீர்க்கடை நடத்திய ஒருவர் இரவில் கொல்லப்பட்டார். அவருடைய மனைவியின் சாட்சியம் ஒன்றையே கொண்டு தண்டனை விதிக்கலாமா என்பது கேள்வி. முழுவதும் நம்பத்தக்கவர், முழுவதும் நம்பத்தகாதவர், இரண்டுக்கும் இடைப்பட்டவர் எனச் சாட்சிகளை நீதிமன்றம் மூவகையாகப் பிரித்தது. முதல் இருவகையில் தயக்கத்துக்கு இடமில்லை. மூன்றாம் வகையினர் கூற்றுக்கு வேறு சான்றின் துணை தேட வேண்டும். அம்மனைவி முதல் வகையினர் என முடிவுசெய்து, நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது.

சொல்லும் சாட்சியின் சொற்கள் ஒன்றுக்கொன்று சிறிது முரண்பட்டால் என்ன செய்வது? குஜராத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 1983இல் உச்ச நீதிமன்றம், ஒளிநாடாவைத் திரும்ப ஓட்டிக் காட்டுவதுபோல் சாட்சி நிகழ்ச்சியை மீட்டுரைப்பார் என எதிர்பார்க்கலாகாது என்றது. நேரம், தொலைவு போன்றவற்றில் சிறு வேறுபாடு இயல்பே. பத்துப் பேர் எழுத்துப் பிசகாமல் ஒரே வாக்கியத்தைக் கூறினால்தான் பாடம் சொல்லிக் கொடுக்கப்பட்டதோ என்னும் ஐயம் எழும். ஒரு சாட்சியின் கூற்றில் ஒரு பகுதி பொய் என்பதற்காக முழுவதையும் தள்ளாமல், நெல்லையும் பதரையும் பிரித்தெடுப்பதே இந்திய நீதிமன்றங்களின் மரபு.

சட்டத்தின் பழைய விதிகள் சில, லாஃப்டஸின் ஆய்வுக்கு ஒரு நூற்றாண்டு முன்பே அதன் பொருளை உணர்ந்தவைபோல் அமைந்துள்ளன. சாட்சியை அழைத்த தரப்பினர், விடையைத் தன்னுள் அடக்கிய வினாவை எதிர்த்தரப்பு மறுக்கையில் முதல் விசாரணையில் பொதுவாகக் கேட்க இயலாது. அடையாள அணிவகுப்பு குற்றவியல் நடுவர் முன்னிலையில் நடைபெறுவதும், ஒத்த தோற்றமுடைய பிறரை வரிசையில் கலந்து நிறுத்துவதும் இதே நோக்கத்தினால்தான். அணிவகுப்புக்கு முன்பே ஐயத்துக்குரியவரின் படத்தைச் சாட்சி கண்டிருந்தால் அதன் மதிப்புப் பெரிதும் குன்றும். காட்டன் வழக்கை அறிந்தவர்க்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

நினைவைக் காலம் அரிக்கிறது. சாட்சியின் துணிவை அச்சம் அரிக்கிறது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீளும்போது, மிரட்டலுக்கோ ஆசைக்கோ ஆட்பட்டு முன்பு கூறியதை மறுப்பவர் ‘பிறழ் சாட்சி’ எனப்படுகிறார். அவரைக் குறைகூறுவது எளிது. குற்றஞ்சாட்டப்பட்டவரின் தெருவிலேயே அவர் நாள்தோறும் நடக்க வேண்டியிருப்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. 2018இல் உச்ச நீதிமன்றம் சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை ஏற்று, நாடாளுமன்றம் சட்டம் இயற்றும்வரை அதுவே நாடெங்கும் சட்டமாகும் என அறிவித்தது. சாட்சிக்குள்ள மிரட்டலின் அளவைக் காவல்துறை முதலில் மதிப்பிட்டு அறிக்கை தர வேண்டும். அதற்கேற்ப வீட்டுக்குக் காவல், அடையாளத்தை மறைத்தல், வேற்றிடத்தில் குடியமர்த்தல் ஆகியன வழங்கப்படும். குற்றஞ்சாட்டப்பட்டவரைச் சாட்சி நேருக்கு நேர் காணாதவாறு விசாரணையை அமைக்கவும் அத்திட்டம் வழிசெய்கிறது.