கொயினாப் பட்டையும் இருதயத் துடிப்பும்

"நெஞ்சு படபடன்னு அடிக்குது, நடுவுல ஒரு அடி விட்டுப்போகுது" என்று சொல்லி மாத்தளை ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போய் வருபவர்கள் நம் தோட்டங்களிலும் இருக்கிறார்கள். அங்கு கொடுக்கும் மாத்திரையை இருதயத்துக்குப் பலம் தரும் டொனிக் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. துடிப்பைச் சீர்ப்படுத்தும் மருந்துகள் பெரும்பாலும் இருதயத்தில் ஓடும் மின்சாரத்தைத் தாமதப்படுத்துகின்றன.

இருதயத்திலும் காலைப் பெரட்டு மாதிரி ஒரு ஒழுங்கு உண்டு. வலது மேலறையில் இருக்கும் ஒரு சிறு திசுதான் அங்கே கங்காணி. நிமிஷத்துக்கு 60 முதல் 100 தடவை அது கட்டளை கொடுக்க, மெல்லிய மின்சாரம் மேலறைகளில் பரவி, நடுவில் ஒரு வாசலில் கொஞ்சம் தங்கி, கீழறைகளுக்கு இறங்குகிறது. மேலறைகளில் ஒரே நேரத்தில் பல கங்காணிகள் கூப்பிட்டால்? துடிப்பு குழம்பிவிடும். சிறுவயதில் தொண்டை வலிக்குப் பின் வந்த வாதக் காய்ச்சல் இருதய வால்வைக் கெடுத்திருந்தால், இந்தக் குழப்பம் பின்னாளில் வரலாம்.

இதற்குக் கிடைத்த பழைய மருந்துகளில் ஒன்று சிங்கோனா, அதாவது கொயினா மரத்தின் பட்டையிலிருந்து வந்தது. ஹக்கலைப் பூந்தோட்டம் 1861ல் தொடங்கப்பட்டதே அந்த மரத்தை வளர்த்துப் பார்க்கத்தான். நம் முன்னோர் மன்னாரிலிருந்து நடந்து வந்து வளர்த்த கோப்பியை 1869ல் கண்ட இலைநோய் அழித்தபோது, தேயிலை நிலைபெறுமுன், துரைமார் பலர் சிங்கோனாவை நட்டார்கள். அன்று அது காய்ச்சல் மருந்து மட்டும்தான். 1912ல் ஒல்லாந்து வியாபாரி ஒருவர், கொயினா சாப்பிட்டால் தன் குழம்பிய துடிப்பு சீராகிறது என்று வென்கபாக் என்ற டொக்டரிடம் சொன்னார். டொக்டர் நம்பவில்லை. மறுநாள் காலையில் சீரான துடிப்போடு வந்து காட்டினார் வியாபாரி! அதே பட்டையிலுள்ள குவினிடின் இன்னும் நன்றாக வேலை செய்கிறது என்று 1918ல் பிரெய் என்ற டொக்டர் கண்டார்.

இருதயத் தசையின் ஒவ்வொரு கலமும் மின்சாரத்தைக் கடத்தியதும் சிறிது நேரம் ஓய்வெடுக்கும். கலத்துக்குள் சோடியம் போகும் வழியைக் குவினிடின் அடைப்பதால் மின்சாரம் மெதுவாக நகர்கிறது. அந்த ஓய்வும் நீள்கிறது. வழிதவறிச் சுற்றும் கட்டளை வந்து சேரும்போது கேட்க ஆள் இல்லை. அது அங்கேயே அடங்குகிறது.

ஆனால் ஓய்வு அளவுக்கு மிஞ்சி நீண்டால் கீழறைகளில் வேறொரு பொல்லாத துடிப்பு கிளம்பும். ஆள் மயங்கி விழலாம், உயிரும் போகலாம். இதனாலேயே இன்று குவினிடினை அரிதாகத்தான் கொடுக்கிறார்கள். வேறு மாத்திரைகள் வந்துவிட்டன. அவற்றுக்கும் அளவுதான் முக்கியம். "இன்னைக்கி ரொம்ப அடிக்குது" என்று இரண்டாகப் போடக் கூடாது. பக்கத்துக் காம்பராவுக்குக் கொடுக்கவும் கூடாது. வயிற்றோட்டம், வாந்தி கண்டால் உடம்பில் பொட்டாசியம் குறைந்து, சில மாத்திரைகள் வழக்கமான அளவிலேயே கூடிப்போன மாதிரி ஆகிவிடும். அப்போதும், தலை சுற்றி மயக்கம் வந்தாலும், மாத்திரைப் பைக்கற்றையும் கிளினிக் கொப்பியையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.