சி.டி.எச். ரோட்டை அகலப்படுத்தினால் மட்டும் போதுமா?

ஆவடி பஸ் ஸ்டாண்டு பக்கம் சாயங்காலம் ஒரு பத்து நிமிஷம் நின்று பாருங்கள். திருப்பதி பஸ், அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து திரும்பும் கம்பெனி வேன், பிள்ளையை டியூஷனில் விடப்போகும் ஸ்கூட்டர், ஷேர் ஆட்டோ... எல்லாம் ஒரே சாலையில். நூறு கிலோமீட்டர் போகிறவருக்கும் ஒரு கிலோமீட்டர் போகிறவருக்கும் வேறு வழி கிடையாது.

இதற்குத்தான் சாலைப் படிநிலை என்று ஒன்று இருக்கிறது. இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 1983-இல் நகரச் சாலைகளை நான்காகப் பிரித்தது: பிரதான சாலை, துணைப் பிரதான சாலை, இணைப்புச் சாலை, உள்ளூர்த் தெரு. வடிவமைப்பு வேகம் முறையே மணிக்கு 80, 60, 50, 30 கிலோமீட்டர். அடிப்படை எளிமையானது. வேகமாகப் போகவும் வேண்டும், ஒவ்வொரு வாசலிலும் நிற்கவும் வேண்டும் என்றால் ஒரு சாலை இரண்டையும் உருப்படியாகச் செய்யாது. 1963-இல் பிரிட்டனின் புக்கானன் அறிக்கை சொன்னதும் ஏறக்குறைய இதைத்தான்.

அண்ணா நகர் போனால் இது கண்ணுக்கே தெரியும்: அவென்யூ, மெயின் ரோடு, தெரு.

ஆவடிப் பக்கம் கதை வேறு. 1961-இல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலை, முத்தாபுதுப்பேட்டையில் விமானப்படை நிலையம், அதோடு ரயில் பாதை. இவற்றின் நடுவே குறுக்குச் சாலை போட முடியாது, சுற்றித்தான் போகணும். மிச்சமுள்ள நிலத்திலோ மனைப்பிரிவுகள் தனித்தனியாக வந்தன. ஒரு லேஅவுட்டின் கடைசித் தெரு பக்கத்து லேஅவுட்டின் சுவரில் முட்டி நிற்கும். அதனால் பக்கத்து நகருக்குப் போகக்கூட மெயின் ரோட்டுக்கு வந்து திரும்பணும். மேலே நெடுஞ்சாலை இருக்கிறது, கீழே தெரு இருக்கிறது. நடுவில் உள்ள இரண்டு படிகள்தான் இல்லை.

சாலையை அகலப்படுத்துவது தேவைதான். ஆனால் நடுப்படிகள் இல்லாமல் அகலப்படுத்தினால், புது லேனிலும் அதே ஒரு கிலோமீட்டர் பயணங்கள்தான் வந்து நிறையும்.

இப்போது வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை, சுமார் 62 கிலோமீட்டர், இந்தப் பக்கமாகவே போகிறது. அதை ஒட்டி வயல்கள் மனைகளாகின்றன. இணைப்புச் சாலைக்கான கோட்டை வரைபடத்தில் இன்றைக்கே போட்டுவிட்டால் செலவு நிலத்துக்கு மட்டும்தான். வீடு எழும்பிய பிறகு போட்டால், இடிபடப்போவது யாரோ ஒருவர் கடன் வாங்கிக் கட்டிய வீடு.