ஸ்பாரன்

ஸ்பாரன் என்பது ஸ்காட்லாந்து ஆண்களின் மரபுடையான கில்ட்டின் முன்புறம், சங்கிலி அல்லது தோல்வாரில் தொங்கும் பை ஆகும். ஸ்காட்டிய கேலிக் மொழியில் இச்சொல்லுக்குப் பணப்பை என்று பொருள். மரபான கில்ட்டில் பைகள் வைத்துத் தைப்பதில்லை. எனவே பணம், சாவி, இக்காலத்தில் கைபேசி எல்லாம் ஸ்பாரனுக்குள்தான்.

பகலில் எளிய தோல் ஸ்பாரனும், மாலை விருந்துகளில் உரோமமும் உலோக விளிம்பும் கொண்டதும் அணிவது வழக்கம். படைப்பிரிவுகளின் பைப் இசைஞர்கள் அணியும் குதிரைமயிர் ஸ்பாரன் முழங்கால்வரை நீளும். பார்வைக்கு எடுப்பானது, பையாக அதிகம் பயன்படாது. நடனமாடும்போதும் முரசறையும்போதும் ஸ்பாரனை இடுப்பின் பக்கவாட்டில் தள்ளிவிடுவது உண்டு.

ஸ்பாரன் இல்லாத கில்ட் அரைகுறை உடை என்பது மரபு பேணுவோர் கருத்து. ஆனால் பைகள் தைத்த நவீன கில்ட்டுகள் வந்தபின், அதை அணிவது தேவையிலிருந்து விருப்பமாக மாறியுள்ளது. சிலர் இடைவாரில் சிறு தோல்பையை மட்டும் மாட்டிக்கொள்கின்றனர். சிலர் விலங்குத்தோலைத் தவிர்த்துச் செயற்கை உரோமத்தை நாடுகின்றனர். திருமணத்துக்கு என்றால் மட்டும் பெரும்பாலோர் ஸ்பாரனை விடுவதில்லை.